ஸ்பீக்கருக்கு ஆம்ப் பொருத்தம் பார்ப்பது எப்படி?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடைகளில் ஏறி இறங்கினால், தேக்கு அலமாரிக்கும் பீங்கான் ஜாடிக்கும் நடுவே எப்போதாவது ஒரு ஜோடி மரப்பெட்டி ஸ்பீக்கர் கண்ணில் படும். வாங்கி வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணே, இதுக்கு எத்தனை வாட்ஸ் ஆம்ப் போடணும்?" என்பதுதான். ஷோரூமில் புதிதாக வாங்குகிறவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். ஆம்ப் என்பது ஆம்ப்ளிஃபையர், பாட்டின் சிக்னலைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் பெட்டி.

கிடைக்கும் பதில்களும் வழக்கமானவை. "ஸ்பீக்கர்ல 100 வாட்ஸ்னு போட்டிருந்தா ஆம்பும் 100 வாட்ஸ் வாங்கு." "சின்ன ஆம்ப் போட்டுக்க, ஸ்பீக்கருக்கு ஒண்ணும் ஆகாது." "4 ஓம் ஸ்பீக்கரா? ஆம்ப் புகைஞ்சிரும்." முதல் இரண்டும் தவறு. மூன்றாவதில் பாதி உண்மை இருக்கிறது. இந்தப் பதில்களை நம்பி வேண்டாத இடத்தில் பணத்தைக் கொட்டுகிறவர்கள் நிறையப் பேர். அதைவிட, இனி கிடைக்கவே கிடைக்காத ஒரு நல்ல பழைய ஸ்பீக்கர் கருகிப் போவதைப் பார்க்க மனசு கேட்பதில்லை. அதற்காகவே இந்த விளக்கம். கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும், பொருத்தம் பார்த்துவிடலாம்.

தொட்டியும் குழாயும்

மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு அழுத்தம். கீழே குழாய் எவ்வளவு அகலமோ அதற்கேற்ற ஓட்டம். தொட்டியில் பத்தாயிரம் லிட்டர் இருக்கிறது என்பதற்காகக் குழாய் வெடிப்பதில்லை. குழாய் வாங்குகிற அளவுதான் வெளியே வரும்.

ஆம்ப்தான் தொட்டி, ஸ்பீக்கர்தான் குழாய். தொட்டியின் உயரம் வோல்ட்டேஜ். ஓடுகிற தண்ணீர் கரண்ட். குழாயின் குறுகல் இம்பீடன்ஸ். மின்னோட்டத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் எதிர்ப்பு என்று அதைப் புரிந்துகொள்ளலாம், அளப்பது ஓம் கணக்கில். வோல்ட்டேஜையும் கரண்டையும் பெருக்கினால் வருவது வாட்ஸ், அதாவது ஒரு நொடியில் செலவாகும் சக்தி. வால்யூம் குமிழைத் திருப்புவது தொட்டியைத் தூக்குவதும் இறக்குவதும் போலத்தான்.

ஆக, 100 வாட்ஸ் ஆம்ப் என்றால் எப்போதும் 100 வாட்ஸைத் தள்ளிக்கொண்டே இருக்கும் என்று பொருள் இல்லை. அதிகபட்சம் அவ்வளவு தர முடியும் என்றுதான் பொருள். இரவில் சத்தம் குறைத்துப் பாட்டுக் கேட்கும்போது அதே ஆம்ப் ஒரு வாட்டுக்கும் கீழேதான் கொடுத்துக்கொண்டிருக்கும். ஸ்பீக்கரின் பின்பக்கம் எழுதியிருக்கும் 100 வாட்ஸும் அது கேட்கிற அளவு அல்ல, தாங்குகிற அளவு. இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால் பொருத்தம் என்கிற பேச்சு இங்கேயே விழுந்துவிடுகிறது.

ஒரு வாட்டுக்கு எவ்வளவு சத்தம்?

முதலில் பார்க்க வேண்டிய எண் ஆம்பில் இல்லை, ஸ்பீக்கரில் இருக்கிறது. அதற்குப் பெயர் சென்சிட்டிவிட்டி. 2.83 வோல்ட் கொடுத்து, ஒரு மீட்டர் தூரத்தில் மைக் வைத்து அளந்தால் எத்தனை டெசிபெல் வருகிறது என்பதே அது. டெசிபெல் என்பது சத்தத்தை அளக்கும் அலகு. 8 ஓம் ஸ்பீக்கரில் 2.83 வோல்ட் என்பது சரியாக ஒரு வாட். வீட்டு ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 84 முதல் 90 டெசிபெல்லுக்குள் இருக்கும்.

டெசிபெல் கணக்கில் இரண்டு விஷயத்தை மனதில் வைத்தால் போதும். வாட்ஸ் இரட்டிப்பானால் 3 டெசிபெல் கூடும். வாட்ஸ் பத்து மடங்கானால் 10 டெசிபெல் கூடும். காதுக்கு 3 டெசிபெல் என்பது "கொஞ்சம் கூடியிருக்கு" என்கிற அளவு. 10 டெசிபெல் கூடினால்தான் சத்தம் இரண்டு மடங்காகத் தோன்றும். 50 வாட்ஸ் ஆம்பைக் கொடுத்துவிட்டு 100 வாட்ஸ் வாங்கினால் கிடைப்பது வெறும் 3 டெசிபெல். அதற்காக இரட்டை விலை கொடுப்பதற்கு முன் யோசிக்க வேண்டும்.

சென்சிட்டிவிட்டியின் வலிமையைப் பார்க்க வேண்டுமென்றால் திருவிழாவுக்குப் போங்கள். நம் ஊர்களில் ரேடியோ செட்காரர் வேப்ப மரத்தில் கட்டுகிற கூம்பு ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்கு 105 டெசிபெல்லுக்கு மேலேயே தரும். 86 டெசிபெல் வீட்டு ஸ்பீக்கரைவிட அது ஏறக்குறைய 20 டெசிபெல் அதிகம். அந்தக் கூம்பு ஒரு வாட்டில் எழுப்புகிற சத்தத்தை வீட்டு ஸ்பீக்கர் எழுப்ப 100 வாட்ஸ் வேண்டும் என்று அர்த்தம். முப்பது வாட்ஸ் கூம்பு ஊரையே எழுப்பிவிடுவதற்குக் காரணம் இதுதான். கூம்பில் அடிநாதம் வராது, வீட்டுக்குள் வைத்துக் கேட்க முடியாது என்பது வேறு விஷயம்.

வீட்டு ஸ்பீக்கர்களுக்குள்ளேயே இந்த வித்தியாசம் உண்டு. அமெரிக்காவில் பால் கிளிப்ஷ் 1946இல் கொண்டுவந்த கிளிப்ஷ்ஹார்ன், அறை மூலையில் நிற்கும் பெரிய கூம்பு வகை. 105 டெசிபெல் அளவில் தரும். இங்கிலாந்தின் பிபிசி தன் ஒளிபரப்பு வேன்களுக்காக 1970களில் வடிவமைத்த எல்எஸ்3/5ஏ, புத்தக அலமாரியில் அடங்கும் சின்னப் பெட்டி. 82, 83 டெசிபெல்தான் தரும். இரண்டுமே இன்றைக்கும் தேடி வாங்கப்படுகிற ஸ்பீக்கர்கள். முதலாவதற்கு 5 வாட்ஸ் தாராளம். இரண்டாவதற்கு அது காணாது.

ஓர் எச்சரிக்கை. 4 ஓம் ஸ்பீக்கரில் அதே 2.83 வோல்ட் இரண்டு வாட்ஸ் ஆகிவிடும். அதனால் 4 ஓம் ஸ்பீக்கரில் 88 என்று போட்டிருந்தால், வாட் கணக்கில் ஒப்பிடும்போது அதை 85 என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை பார்த்தது: ஆம்பின் வாட்ஸ் அதன் உச்ச வரம்பு மட்டுமே. ஒரு வாட்டை ஸ்பீக்கர் எவ்வளவு சத்தமாக மாற்றுகிறது என்பதுதான் முதல் கேள்வி.

முகப்பில் கேட்பதா, வளவில் கேட்பதா?

அடுத்து, நீங்கள் எங்கே உட்கார்ந்து கேட்கப் போகிறீர்கள்? வெட்டவெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபெல் குறையும். அறைக்குள் சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலியும் சேர்வதால் அவ்வளவு குறையாது.

வீட்டின் முன்பகுதியான முகப்பில், ஸ்பீக்கரிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்து கேட்கிறீர்கள் என்று வையுங்கள். தூரத்துக்காக 6 டெசிபெல்லைக் கழியுங்கள். ஸ்பீக்கர் இரண்டு என்பதால் 3 கூட்டுங்கள். 86 டெசிபெல் ஸ்பீக்கராக இருந்தால், ஒவ்வொன்றுக்கும் ஒரு வாட் கொடுக்கும்போது உங்கள் காதுக்கு 83 டெசிபெல் வரும். அதுவே நல்ல சத்தம். அப்படியானால் ஒரு வாட் போதுமே என்று தோன்றும். போதாது. இசை ஒரே மட்டத்தில் போவதில்லை. நாதஸ்வரக் கச்சேரிப் பதிவைப் போடுங்கள். சராசரியாக 80 டெசிபெல்லில் ஓடிக்கொண்டிருக்கும்போது தவில்காரர் ஓங்கி ஒரு அடி அடித்தால் அந்தக் கணத்தில் 15, 18 டெசிபெல் எகிறும். அந்த ஒரு கணத்துக்கும் ஆம்பிடம் சரக்கு இருக்க வேண்டும். இந்தக் கையிருப்புக்குத்தான் ஹெட்ரூம் என்று பெயர்.

ஆக 98 டெசிபெல் வரை போக வேண்டும். கையில் இருப்பது 83. தேவை இன்னும் 15. அதில் பத்துக்குப் பத்து மடங்கு, மிச்சம் ஐந்துக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு. மொத்தம் 30 வாட்ஸ். இதே இடத்தில் 90 டெசிபெல் ஸ்பீக்கர் என்றால் 13 வாட்ஸ் போதும். 83 டெசிபெல் என்றால் 60 வாட்ஸுக்கு மேல் வேண்டும். ஸ்பீக்கரில் ஏழு டெசிபெல் வித்தியாசம் ஆம்பில் ஐந்து மடங்காக வந்து நிற்கிறது, பாருங்கள்.

வளவுக்கு வருவோம். நடுவே வானம் பார்த்த முற்றம், ஆறு மீட்டர் தள்ளி எதிர்த் தாழ்வாரத்தில் நீங்கள். ஒலியில் ஒரு பங்கு மேலே போய்விடும், திரும்பாது. தோராயமாக 12 டெசிபெல் கழிக்கலாம். அதே 86 டெசிபெல் ஸ்பீக்கருக்கு இப்போது கணக்குப் போட்டால் ஏறக்குறைய 125 வாட்ஸ் வருகிறது. பல சின்ன ஸ்பீக்கர்கள் அதைத் தாங்காது. இங்கே ஆம்பைப் பெரிதாக்குவதைவிட ஸ்பீக்கரை மாற்றுவதோ, நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போடுவதோதான் புத்திசாலித்தனம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஆத்தங்குடித் தளம், கண்ணாடி போல் மின்னும் சுண்ணாம்புப் பூச்சுச் சுவர், கருங்கல் தூண், உயர்ந்த கூரை என்று எல்லாமே ஒலியைத் திருப்பி அனுப்புகிற பரப்புகள். கை தட்டினால் ஓசை இழுத்துக்கொண்டே போகும். இப்படிப்பட்ட கூடத்தில் பாட்டின் வார்த்தை புரியவில்லை என்று சொல்லிப் பெரிய ஆம்ப் வாங்குகிறார்கள். எதிரொலியும் சேர்ந்து பெரிதாகுமே தவிர வார்த்தை தெளிவாகாது. தரையில் ஒரு கனத்த ஜமுக்காளம், பின்சுவரில் துணித் திரை, பக்கத்தில் புத்தக அலமாரி. எந்த ஆம்பும் தர முடியாத தெளிவை இந்த மூன்றும் தரும். அரண்மனை போன்ற வீட்டில் வாழ்கிறவர்கள் ஆம்புக்கு முன்னால் ஜமுக்காளத்தை வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஓம் கணக்கு

குழாய் அகலமாக இருந்தால் தண்ணீர் அதிகம் ஓடும். அதுபோல ஓம் குறைந்தால் கரண்ட் அதிகம் இழுக்கும். அதே வோல்ட்டேஜில் 4 ஓம் ஸ்பீக்கர் 8 ஓம் ஸ்பீக்கரைப்போல் இரண்டு மடங்கு கரண்டைக் கேட்கும். ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மரும், சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கும் அதைத் தாங்கினால் பிரச்சினையே இல்லை. தாங்காவிட்டால் சூடாகும், பாதுகாப்புச் சுற்று அணைத்துவிடும், அது இல்லாத மலிவு ஆம்ப் என்றால் டிரான்சிஸ்டர் போய்விடும். "4 ஓம் போட்டால் புகையும்" என்ற பேச்சில் பாதி உண்மை என்று சொன்னது இதனால்தான். ஆம்பின் பின்பக்கம் ஸ்பீக்கர் முனைகளுக்கு மேலே 4–8 ஓம் என்றோ, 6 ஓமுக்குக் குறையக் கூடாது என்றோ அச்சிட்டிருப்பார்கள். அந்த ஒரு வரியைப் பார்த்தாலே சந்தேகம் தீர்ந்துவிடும்.

ஸ்பீக்கரில் எழுதிய 8 ஓம் நிலையான எண் அல்ல. சுருதிக்குச் சுருதி அது மாறும். ஓரிடத்தில் 30 ஓமுக்கு ஏறும், இன்னோரிடத்தில் 5 ஓமுக்கும் இறங்கும். அந்த இறக்கம் எவ்வளவு என்பதைத்தான் ஆம்ப் கவனிக்கிறது.

பழைய ஸ்பீக்கரில் சீட்டுக் கிழிந்து போய் எதுவும் தெரியவில்லையா? ஆம்பிலிருந்து வயரைக் கழற்றிவிடுங்கள். மல்டிமீட்டரை 200 ஓம் நிலையில் வையுங்கள். முதலில் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள், 0.2, 0.3 என்று ஏதாவது காட்டினால் அது மீட்டர் வயரின் கணக்கு, அதைக் கழித்துக்கொள்ளலாம். பிறகு ஸ்பீக்கரின் சிவப்பிலும் கறுப்பிலும் வைத்தால் உள்ளே மெல்ல ஒரு "டப்" கேட்கும், எண் நிற்கும். ஐந்தரையிலிருந்து ஆறரைக்குள் என்றால் பெரும்பாலும் 8 ஓம் ஸ்பீக்கர். மூன்றிலிருந்து மூன்றரை என்றால் 4 ஓம். கம்பிச்சுருளின் நேர் எதிர்ப்பு மட்டும்தான் மீட்டரில் தெரியும் என்பதால் எண் எப்போதும் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். எண்ணே வராவிட்டால் சுருள் அறுந்திருக்கிறது, அல்லது உள்ளே வயர் விட்டிருக்கிறது.

நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் அடிக்கடி நடக்கிற ஒரு தவறு உண்டு. முகப்பில் ஒரு ஜோடி, வளவில் ஒரு ஜோடி, இரண்டாங்கட்டில் ஒரு ஜோடி, சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு ஜோடி என்று எல்லாவற்றையும் ஒரே ஆம்பின் முனையில் முறுக்கிவிடுவார்கள். 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டைப் பக்கத்துப் பக்கமாகச் சேர்த்தால் ஆம்புக்கு அது 4 ஓம். நான்கைச் சேர்த்தால் 2 ஓம். எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்ட கதைதான். வீட்டு ஆம்ப் இதற்காகச் செய்யப்பட்டதல்ல. பல அறைக்கும் பாட்டு வேண்டுமென்றால் ரேடியோ செட்காரர்கள் பயன்படுத்தும் 100 வோல்ட் லைன் முறை இருக்கிறது. ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓம் சிக்கலை அது தீர்த்துவிடும். உட்கார்ந்து ரசிப்பதற்கு ஒரு நல்ல ஜோடி தனியாக இருக்கட்டும்.

வயர் நீளத்தையும் இங்கேயே பார்த்துவிடலாம். 15 மீட்டர் வரை 8 ஓம் ஸ்பீக்கருக்கு 1.5 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர் போதும். காலிங் பெல்லுக்குப் போடுகிற மெல்லிய வயரை அவ்வளவு தூரம் இழுத்தால் ஆம்பின் சக்தியில் ஒரு பகுதி வயரைச் சூடாக்குவதிலேயே போய்விடும். வீட்டு வயரிங் கடையில் கிடைக்கும் சாதாரணச் செம்பு வயரே நன்றாக வேலை செய்யும்.

அட்டையில் எழுதியிருக்கும் வாட்ஸ்

ஆம்பின் வாட்ஸ் எண்ணுக்கு வருவோம். அட்டைப் பெட்டியில் இருப்பது எந்த வாட்ஸ் என்று கேட்க வேண்டும். பிஎம்பிஓ என்று போட்டிருந்தால் அந்த எண்ணை அப்படியே விட்டுவிடுங்கள். அதற்குப் பொது அளவுகோலே கிடையாது. ஆயிரம், இரண்டாயிரம் என்று எதை வேண்டுமானாலும் எழுதலாம். ஆர்எம்எஸ் என்பதுதான் தொடர்ந்து தரக்கூடிய அளவு. அமெரிக்காவில் இந்த விளம்பர எண்கள் எல்லை மீறிப் போய், ஆம்ப் வாட்ஸை எப்படி அளந்து சொல்ல வேண்டும் என்று 1974இல் அரசாங்கமே விதி போட வேண்டியிருந்தது.

ஆர்எம்எஸ் என்று இருந்தாலும் பக்கத்தில் உள்ள சின்ன எழுத்தைப் படியுங்கள். எத்தனை ஓமில்? இரண்டு பக்கமும் சேர்ந்து ஓடும்போதா, ஒரு பக்கம் மட்டுமா? டிஸ்டார்ஷன், அதாவது ஒலி வடிவம் சிதையும் அளவு, எத்தனை சதவீதத்தில்? 10 சதவீதச் சிதைவில் 50 வாட்ஸ் என்பதும் 0.1 சதவீதத்தில் 50 வாட்ஸ் என்பதும் ஒன்றல்ல. 10 சதவீதம் காதுக்கு நன்றாகவே உறுத்தும்.

இப்போது கைக்குள் அடங்கும் டி கிளாஸ் ஆம்ப் நிறைய வருகிறது. நல்ல பொருள்தான், மின்சாரத்தையும் வீணாக்காது. ஆனால் பெட்டியில் "100 வாட்ஸ் + 100 வாட்ஸ்" என்று இருக்கும். கூட வரும் அடாப்டரைத் திருப்பிப் பார்த்தால் 24 வோல்ட், 3 ஆம்பியர் என்று இருக்கும். இரண்டையும் பெருக்குங்கள். 72 வாட்ஸ். உள்ளே வருவதே 72 என்றால் வெளியே தொடர்ந்து 200 எப்படிப் போகும்? பக்கத்துக்கு 30 வாட்ஸ் என்று எடுத்துக்கொண்டு முகப்புக் கணக்கோடு ஒப்பிடுங்கள். பல வீடுகளுக்கு அதுவே சரியாக இருக்கும். பெரிய அடாப்டர் மாற்றுவதாக இருந்தால், ஆம்ப் தாங்கும் வோல்ட்டேஜ் எவ்வளவு என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

டிரான்ஸ்ஃபார்மர் வைத்த கனமான ஆம்ப் என்றால், மாலையில் லோ வோல்ட்டேஜ் ஆகி வீட்டு மின்சாரம் 230இலிருந்து 200 வோல்ட்டுக்கு இறங்கும்போது அதன் உச்ச வாட்ஸும் ஏறக்குறைய கால்வாசி குறையும். பயப்பட வேண்டாம், டெசிபெல் கணக்கில் அது ஒன்றேகால்தான்.

இந்த இடத்தில் நிறுத்திப் பார்த்தால்: சென்சிட்டிவிட்டியும் தூரமும் சேர்ந்து எத்தனை வாட்ஸ் வேண்டும் என்று சொல்லும். ஓம், எந்த ஆம்ப் அதைத் தாங்கும் என்று சொல்லும். அட்டையில் உள்ள எண் உண்மையா என்பதை அடாப்டரும் சின்ன எழுத்தும் சொல்லும்.

சின்ன ஆம்ப் ஏன் ட்வீட்டரைச் சுடுகிறது?

"சின்ன ஆம்ப் போட்டால் பத்திரம்" என்பதுதான் மிக அதிகமாக ஸ்பீக்கரைக் கெடுக்கிற நம்பிக்கை. தொட்டியைத் தூக்க ஓர் உயரம் வரைதான் முடியும். ஆம்பின் வோல்ட்டேஜுக்கும் அப்படி ஓர் உச்சம் உண்டு. அதைத் தாண்டி வால்யூமைத் திருப்பினால் ஒலி அலையின் தலை மழுங்கித் தட்டையாகிவிடும். இதற்குக் கிளிப்பிங் என்று பெயர்.

கிளிப்பிங் ஆகும்போது இரண்டு விஷயம் நடக்கிறது. உச்சம் அதற்கு மேல் போக முடியாது, ஆனால் பாட்டின் மற்றப் பகுதிகள் எல்லாம் ஏறிக்கொண்டே வரும். சராசரி வாட்ஸ் கூடும். தட்டையான அலையின் ஓரங்களிலிருந்து மூலப் பாட்டில் இல்லாத மேல்சுருதிகளும் முளைக்கும். இரண்டும் போய்ச் சேருகிற இடம் ட்வீட்டர், அதாவது மேல்சுருதிக்கான சின்ன ஸ்பீக்கர். பெட்டியில் 100 வாட்ஸ் என்று எழுதியிருந்தாலும், உள்ளே இருக்கும் ட்வீட்டரின் தலைமுடி போன்ற சுருள் சில வாட்ஸ்தான் தொடர்ந்து தாங்கும். பாட்டில் அந்தப் பகுதிக்கு இயல்பாகக் குறைந்த சக்தியே வரும் என்ற நம்பிக்கையில் செய்யப்பட்டது அது. வீட்டில் விசேஷம், இளைஞர்கள் வால்யூமைக் கடைசி வரை திருப்பி விடுகிறார்கள், மறுநாள் ட்வீட்டரில் சத்தம் இல்லை. அநேகமாக நடந்தது இதுதான்.

அதற்காக 300 வாட்ஸ் ஆம்ப் வாங்கினால் பத்திரம் என்றும் ஆகாது. அதில் வூஃபர், அதாவது அடிநாதத்துக்கான பெரிய கோன், எல்லை மீறி ஆடிக் கிழியலாம். கணக்கில் வந்த வாட்ஸுக்கு ஒன்றரை இரண்டு மடங்கு வைத்துக்கொள்வதே என் பழக்கம். மிச்சத்தைக் காது பார்த்துக்கொள்ளும். சத்தம் கரகரத்து, பாடகர் குரல் கத்துவது போல் மாறினால் உடனே குறையுங்கள். குமிழ் பாதியில்தானே நிற்கிறது என்று சமாதானம் வேண்டாம். போனிலிருந்தோ டிவியிலிருந்தோ வரும் சிக்னல் பலமாக இருந்தால் பாதியிலேயே ஆம்ப் முழு வாட்ஸைத் தொட்டுவிடும்.

இணைக்கும் முன்

பழைய ஸ்பீக்கர் என்றால் முன் துணியைக் கழற்றி, கோனைச் சுற்றி இருக்கும் வளையத்தை விரல் நுனியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். ஸ்பாஞ்ச் வளையம் வருஷக்கணக்கில் ஈரத்திலும் சூட்டிலும் இற்றுப்போகும். தொட்டதும் பொடியாக உதிர்ந்தால், வளையத்தை மாற்றும் வரை எந்த ஆம்பும் போட வேண்டாம். ரப்பர் வளையமும் துணி வளையமும் நீண்ட நாள் நிற்கும்.

ஆம்பை அணைத்த பிறகே வயரை மாட்டுங்கள். வயர் முனையில் பிசிறு வெளியே நீட்டிக்கொண்டு பக்கத்து முனையைத் தொடக் கூடாது. ஆம்பின் சிவப்பு ஸ்பீக்கரின் சிவப்புக்கு, கறுப்பு கறுப்புக்கு. ஒரு பக்கம் மட்டும் மாறிவிட்டால் ஒரு கோன் முன்னே வரும்போது மற்றது பின்னே போகும். அடிநாதம் காணாமல் போய், குரல் நடுவில் நிற்காமல் அறையெங்கும் அலையும். ஆம்ப் சரியில்லை என்று அதைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறவர்களும் உண்டு. பழைய பெட்டியில் நிறம் அழிந்துபோயிருந்தால், ஆம்பில் மாட்டாத ஸ்பீக்கரின் முனைகளில் டார்ச்சுக்குப் போடும் ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஒரு கணம் மட்டும் தொட்டு எடுங்கள். வூஃபர் முன்பக்கம் துள்ளினால் பேட்டரியின் பிளஸ் பட்ட முனைதான் சிவப்பு. அதில் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைத்துவிட்டு, அடுத்த ஸ்பீக்கரையும் அப்படியே பார்த்துக்கொள்ளுங்கள்.